தட்டினால் ஒலிக்காத வண்டி

கிசுமுவிலிருந்து அஹேரோ வரை ஆளேற்றி ஓடும் மடாட்டு வேன்களில் முன்வரிசையின் நடு இருக்கைக்கு ஜிக்கோ என்று பெயர். வீட்டில் கரி போட்டு உகாலிக் களி கிண்டும் அடுப்புக்கும் அதே பெயர்தான். எஞ்சின் அந்த இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. கானோ சமவெளியின் உச்சி வெயிலில் அதில் அமர்ந்து போகிறவர் பாதி வெந்த நிலையில்தான் இறங்குவார். நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்த வழித்தடத்தில் போய்வந்தேன்; ஓய்வு பெற்ற பின்னும் போய்வருகிறேன். ரிஸ்பர் அவுவோர் என்னும் ஓட்டுநரை நான் அறிந்துகொண்டது ஜிக்கோவில் அமர்ந்துதான்.

நல்ல உயரம், அகன்ற தோள், எந்தப் பேச்சுக்கும் உடனே திரும்பி வரும் பதில்: இவை அவருடைய அடையாளங்கள். பிறந்தது அசெம்போவில். ஆகவே புகுந்த ஊரில் எல்லோருக்கும் அவர் ‘நியார் அசெம்போ’, அதாவது அசெம்போவின் மகள். இளமையில் கண்டக்டராக வண்டியின் வாசற்படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவியவர். அந்த வண்டிகளில் ஒலிபெருக்கி வாசலை ஒட்டியே இருக்கும். படியில் நின்றவருடைய இடக்காது நாள் முழுவதும் அதன் வாய்க்கு நேராக இருந்தது. பிற்பாடு அவர் ஓட்டுநரானார். பழைய நிஸ்ஸான் ஒன்றைச் சொந்தமாகவும் வாங்கினார். ஆனால் அந்த இடக்காது கெட்டுவிட்டது. அதற்குள் ஒரு கெட்டில் ஓயாமல் கொதிக்கிறது என்பார். வலக்காது மட்டும் நன்றாக இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

பிடிவாதத்துக்குச் சோதனை வந்தது. எங்கள் வழித்தடத்தில் போட்டிச் சங்கத்தின் வண்டிகள் நைரோபி வண்டிகளைப் போலப் படங்கள் தீட்டிக்கொண்டு, நெஞ்சு அதிரும் பாட்டோடு வரத் தொடங்கின. கல்லூரிப் பிள்ளைகள் அவற்றில்தான் ஏறினார்கள். ரிஸ்பரின் வண்டி சேர்ந்திருந்த வண்டிக்காரர் சங்கத்தின் தலைவர் எலிஷா ஒகெலோ, தாமும் ஒரு வண்டி ஓட்டுபவர், இதைக் கண்டு கலங்கிப் போனார். ஒருநாள் காலை ஸ்டேஜில், அதாவது வண்டிகள் ஆளேற்றிக் கிளம்பும் நிலையத்தில், வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, ரிஸ்பரின் ஜன்னலுக்கு வந்தார். நான் உள்ளே இருந்தேன்.

“நியார் அசெம்போ, உன் வண்டில ரேடியோகூடப் பாடமாட்டேங்குது. என்ன, சாவு வீட்டுக்கா ஆள் ஏத்துற?”

“சாவு வீட்லயே இப்ப ஜெனரேட்டர் வச்சு விடிய விடியப் பாட்டு போடுறாங்க, தலைவரே. செத்தவருக்குக்கூட நிம்மதி இல்ல. இருக்கறவங்களுக்காவது இருக்கட்டும்னு விட்டுருக்கேன்.”

“சிரிக்காத. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள எல்லா வண்டிலயும் பெரிய ஸ்பீக்கர் மாட்டணும். மாட்டாத வண்டிக்கு வரிசைல இடம் கிடையாது. சங்கத் தீர்மானம்.”

“அந்தத் தீர்மானத்துக்குக் காது இருக்கா?”

“என்னது?”

“இருந்தா கூட்டிட்டு வாங்க, ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார வச்சு அஹேரோ போய்ட்டு வரலாம். என் ஒரு காது இந்தத் தொழில்லயே போச்சு. இன்னொண்ண யாரோட பாட்டுக்கும் குடுக்கறதா இல்ல.”

வரிசையில் இடம் இழந்த வண்டி பாதையில் இருந்து பயனில்லை. ஸ்டேஜில் முன்னால் நிற்கும் வண்டி நிரம்பிய பிறகே அடுத்தது ஆள் ஏற்றலாம். வரிசையில் இல்லாதது தெருநாயைப் போல நடுவழியில் பொறுக்க வேண்டியதுதான். இது ரிஸ்பருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர் ஒலிபெருக்கி வாங்கவில்லை. அதற்கு நேர் எதிரான வேலையில் இறங்கினார். பாட்டு இல்லாமலே அந்த நிஸ்ஸான் போதுமான சத்தம் போட்டது; கூரைத் தகடும் பக்கத் தகடுகளும் தகர டப்பாவைப் போல ஓயாது அதிர்ந்தன. அதையும் அடக்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

முதல் முயற்சி கேலிக்கூத்தாக முடிந்தது. தகரக் கூரை ஒழுகினால் ஒட்டுவதற்கென்று இரும்புக் கடைகளில் தார் பூசிய பட்டை விற்கிறார்கள். அதுவும் கனம், இதுவும் தகரம் என்று கணக்குப் போட்டு, கூரையின் உட்புறம் முழுவதும் அதை ஒட்டிவிட்டார். காலையில் வண்டி அருமையாக ஓடியது. நடுப்பகலில், வெள்ளை அங்கியும் வெள்ளைத் தலைப்பாகையுமாகச் சபைக்குப் புறப்பட்ட பெரியவர் ஒருவருடைய தலைப்பாகையில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது அவர் மூக்கில் விழுந்தது.

“ஏம்மா, என்ன இது? கூரை அழுவுது!”

“பாவம் செஞ்சவங்க யாராவது உள்ள ஏறியிருப்பாங்க, ஐயா,” என்றான் கண்டக்டர் ஓடேரா. மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். ஆயினும் வாயை அடக்கத் தெரியாதவன்.

பெரியவர் சிரிக்கவில்லை. தலைப்பாகையை ரிஸ்பரே வீட்டுக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துவைத்துக் கொடுத்தார். ஸ்டேஜில் ஒரு வாரம் அவரைப் பார்க்கிறவரெல்லாம் குடையை விரித்துக் காட்டினார்கள். அவர் தார்ப் பட்டையைச் சுரண்டி எறிந்தார். அதோடு விட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் போய் நின்ற இடம், தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆம்புலன்ஸ்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் பட்டறை. அங்கேதான் சரியான பொருள் கிடைத்தது: ஒரு முகம் அலுமினியத் தாள், மறுமுகம் பிசினைப் போல ஒட்டும் கறுப்பு ரப்பர். வெயிலில் உருகாது. தகட்டில் அழுந்த ஒட்டிவிட்டால் அதன் அதிர்வை அது விழுங்கிவிடும். அதன் மேல் விரல் தடிமனில் நுரைப்பாய் ஒட்டினால் கூரையின் வெயிலும் எஞ்சினின் சூடும் உள்ளே வருவது குறையும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. இருக்கைகளைக் கழற்றினார்கள், தரை விரிப்பை உரித்தார்கள், தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார்கள். காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டுவதற்கு உருளை வேண்டும். ரிஸ்பரின் கணவர் ஸப்லோன் மருத்துவமனை வாசலில் சப்பாத்தி போட்டு விற்பவர். பிற்பகலில் அவர் சமையலறைக்கும் முற்றத்துக்குமாக இரண்டு தடவை நடந்தார்.

“ரிஸ்பர், என் கட்டையப் பாத்தியா?”

வண்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. “வேலையா இருக்கு.”

“அது சப்பாத்திக் கட்டை!”

“இதுவும் ஒட்டுற மாவுதான். போய்ட்டு அப்பறம் வாங்க.”

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல ஜிக்கோவில் ஏறினேன். வண்டி கிளம்பியதும், நான் அதுவரை கேட்டே இராத ஒரு சத்தம் கேட்டது. திரும்புவதற்கு அடையாளம் காட்டும் விளக்கின் டிக் டிக் ஒலி அது. பின்னால் ஒரு பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம், வழக்கமான மடாட்டுக் குரலில், “அவ புருஷன் ஓடிப்போனது எனக்கு அப்பவே தெரியும்!” என்று கத்தினாள். வண்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரவுப் பணி முடித்து வந்த செவிலி ஒருத்தி ஜன்னலில் தலை சாய்த்து அஹேரோ வரை தூங்கினாள். என் தொடைக்கு அடியில் வெதுவெதுப்பு இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பிழை நேர்ந்திருந்தது. அது எங்கள் ஊரில்தான் பிழை.

எங்கள் கண்டக்டர்கள் வாயால் வண்டி ஓட்டுவதில்லை, கையால் ஓட்டுகிறார்கள். ஆட்கள் ஏறி முடிந்ததும் வாசலுக்கு மேலே தகட்டில் இரண்டு தட்டு: போ. ஒரு தட்டு: நில். இறங்க வேண்டியவர்களும் அப்படித்தான் தட்டுவார்கள். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். அந்த ஒலியைக் கேட்டே கியர் மாற்றுவார். ரிஸ்பர் இப்போது தகட்டின் நாக்கை ஒட்டிவிட்டிருந்தார். அன்று மாலை ஸ்டேஜில் ஓடேரா இரண்டு தட்டு தட்டினான். ஈரச் சாக்கில் அடித்ததுபோல ‘தொப் தொப்’ என்றது. வண்டி அசையவில்லை. ஓங்கித் தட்டினான், உள்ளங்கை வலித்ததே மிச்சம். ஆள் பிடித்து ஏற்றும் பையன்கள் சிரித்துப் புரண்டார்கள்.

“ஓடேரா, நாடி புடிச்சுப் பாருடா! வண்டிக்கு உசுரு இருக்கா?”

அதன் பிறகு அவன் “போலாம்!”, “நில்லு!” என்று தொண்டை கிழியக் கத்தி வேலையை ஒப்பேற்றினான். நான்கைந்து நாள் இப்படியே ஓடியது.

பிறகு ஒருநாள், ந்யாமசாரியா நிறுத்தத்தில் ப்ளிஸ்டா இறங்கிக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் மீன் எடுத்துக் கூவி விற்பவர். தலையில் மீன் நிரம்பிய பேசின். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். பக்கத்தில் வேறொரு வண்டிக்கு ஆள் ஏற்றியவன் தன் ஓட்டுநரைப் பார்த்து “போலாம்!” என்று கத்தினான். ரிஸ்பருக்கு அது ஓடேராவின் குரலாகக் கேட்டது. வண்டி நகர்ந்தது. ஓடேரா தகட்டில் ஒற்றைத் தட்டு தட்டினான்; பழைய கைப்பழக்கம். தொப்பென்றது. ப்ளிஸ்டா சாலையில் விழுந்தார். மீன்கள் நாற்புறமும் சிதறின. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அவரைத் தொடாமல் வளைந்து போனது தெய்வச் செயல்.

ரிஸ்பர் இறங்கி ஓடினார். ப்ளிஸ்டாவின் முழங்கால் தோல் உரிந்திருந்தது. தன் குடிநீர்ப் புட்டியைக் கவிழ்த்துக் கழுவினார். பிறகு சாலையில் மண்டியிட்டு மீன்களைப் பொறுக்கினார்.

“என் தப்பு, ப்ளிஸ்டாம்மா. முழுக்க என் தப்பு.”

“தப்ப அப்பறம் சொல்லு. அந்தப் பெரிய மீன நாய் தூக்கிட்டுப் போகுது பாரு, ஓடு!”

செய்தி எங்களுக்கு முன்பே ஸ்டேஜுக்குப் போய்விட்டது. ஒகெலோ வரிசைப் பலகையின் அருகே காத்திருந்தார்; கையில் சாக்பீஸ் அழிக்கும் துணி.

“செவிட்டு வண்டி ஓட்டுறியா நீ? இந்த நிமிஷத்துலேந்து வரிசை கிடையாது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல விசாரணை. இப்பவே சொல்றேன், உள்ள ஒட்டினதையெல்லாம் உரிச்சு எறி, ஸ்பீக்கர மாட்டு, சனிக்கிழமை காலைல வரிசைக்கு வா. நான் ஒண்ணும் பேசமாட்டேன்.”

“அந்தம்மா விழுந்ததுக்கு நான் பொறுப்பு. அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன்,” என்றார் ரிஸ்பர். “உரிக்க மாட்டேன்.”

“அதனாலதானே விழுந்தாங்க?”

“நான் யோசிக்காம ஒட்டினதால விழுந்தாங்க. யோசிச்சு ஒட்டுறேன்.”

பலகையிலிருந்து அவருடைய வண்டி எண் அழிந்தது.

அடுத்த சில நாட்கள் வண்டி வீட்டு முற்றத்திலேயே நின்றது. மின்சார மணி ஒன்றை மாட்டிவிடலாம் என்று ஓடேரா யோசனை சொன்னான். நான் நலம் விசாரிக்கப் போயிருந்தபோது அந்த வாதம் நடந்துகொண்டிருந்தது.

“மணின்னா அதோட பொத்தான் ஒரு இடத்துல இருக்கும். அது உனக்கு மட்டுந்தான் தெரியும்,” என்றார் ரிஸ்பர். “தட்டுறதுன்னா யார் வேணாலும் தட்டலாம். விழப்போறவங்க பொத்தானத் தேடிக்கிட்டா இருப்பாங்க? நீ போய் என் சீட்ல உக்காரு. கண்ண மூடிக்க. கேட்டா கேட்டுச்சுன்னு சொல்லு.”

ஓடேரா ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடி அமர்ந்தான். ரிஸ்பர் படியில் ஏறி, தாம் பழைய நாளில் தொங்கியதைப் போலவே தொங்கி, பார்க்காமல் கையை வீசித் தட்டினார். இறங்கி, மறுபடி ஏறித் தட்டினார். ப்ளிஸ்டாவின் உயரத்துக்குக் குனிந்தும் தட்டினார். எப்படித் தட்டினாலும் கை போய் விழும் இடம் ஒன்றாகவே இருந்தது: வாசலுக்கு மேல், முன்பக்க மூலை. உள்ளே சென்று, சரியாக அந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு நுரைப்பாயையும் ரப்பரையும் பிளேடால் வெட்டி எடுத்தார். பிசினைப் பெட்ரோலால் துடைத்து, வெறும் தகடாக விட்டார். மறுபடி வெளியே வந்து விரலால் லேசாகத் தட்டினார்.

“ஐயோ அக்கா! மண்டைக்குள்ள தட்டின மாதிரி இருக்கு!” என்று ஓடேரா துள்ளினான்.

மற்ற தகடுகள் எல்லாம் மௌனமாக இருந்ததால், அந்த ஒன்றின் குரல் முன்னைவிடக் கூர்மையாகக் கேட்டது. வெளிப்புறத்தில் அதே இடத்தில் மஞ்சள் வண்ணத்தால் ஒரு வட்டம் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, ஸ்டேஜ் ஓரத்துச் சங்கக் கொட்டகையில் ஓட்டுநர்கள் கூடினார்கள். ரிஸ்பரின் வண்டியும் வெளியே வந்து நின்றது. ஒகெலோ முதலில் ப்ளிஸ்டாவைச் சாட்சியாக நிறுத்தினார்.

“சொல்லும்மா. யார் வண்டிலேந்து விழுந்தீங்க?”

“இந்தா நிக்கறாளே, இவ வண்டிலேந்துதான். மீன் பாழாப்போச்சு. அத இவ திருப்பி வாங்கிக் குடுத்துட்டா.”

“கேட்டுக்கங்க எல்லாரும்!”

“இருங்க, இன்னும் முடிக்கல. உங்க வண்டிலேந்தும் விழுந்திருக்கேன், தலைவரே. போன மழைக்காலத்துல. அப்ப நான் போட்ட கூச்சல் எனக்கே கேக்கல, அவ்ளோ பாட்டு. இவ வண்டில விழுந்தப்ப நான் கத்தினது கேட்டுச்சு, இறங்கி ஓடியாந்தா. நீங்க வந்தீங்களா?”

கொட்டகை சிரிப்பால் அதிர்ந்தது. ஒகெலோவின் முகம் மாறியது. ஓட்டுநர்களில் மூத்தவர் ஒருவர், “வண்டிக்குக் காது கேக்குதான்னு பாத்துருவோமே. பேசி என்ன ஆகப்போகுது?” என்றார். எல்லோரும் வெளியே வந்தார்கள்.

ரிஸ்பர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். ஆள் ஏற்றும் பையன்கள் சுற்றி நின்று “போலாம்! போலாம்!” என்று கத்தினார்கள், பக்கத் தகடுகளில் கண்டபடி அறைந்தார்கள். வண்டி அசையவில்லை. ஓடேரா மஞ்சள் வட்டத்தில் இரண்டு தட்டினான்; நகர்ந்தது. ஒன்று தட்டினான், நின்றது. திரும்பவும் நகர்ந்தது, நின்றது. ப்ளிஸ்டா தாமே படியில் ஏறி, பேசினோடு பாதி இறங்கி, முழங்கையால் இடித்தார். வண்டி ஆணியடித்ததுபோல நின்றது.

இதற்கிடையில் யாரும் எண்ணாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஸ்டேஜில் ஒரு வண்டி சற்று முன்னே போய் நின்று, மறுபடி சற்று முன்னே போனால் அதற்கு ஒரே பொருள்தான்: கிளம்பப் போகிறது, உடனே ஏறு. அஹேரோ போகக் காத்திருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்து ஏறத் தொடங்கினார்கள். நானும் ஜிக்கோவில் இடம் பிடித்துவிட்டேன். விசாரணை முடிவதற்குள் வண்டி நிரம்பிவிட்டது.

ஒகெலோ ஜன்னலுக்கு வந்தார். ரிஸ்பர் கண்ணாடியை இறக்கினார்.

“சரி, தட்டுனா கேக்குது. ஒத்துக்கறேன். ஆனா ஸ்பீக்கர் தீர்மானம் அப்படியேதான் இருக்கு. முதல்ல எல்லாரையும் இறக்கு.”

“நான் ஏத்தலையே, தலைவரே. தானா ஏறினாங்க. இறங்கச் சொல்லிப் பாருங்க.”

ஒகெலோ உள்ளே தலையை நீட்டினார். “எல்லாரும் இறங்குங்க. வரிசைல முதல் வண்டி அதோ நிக்குது. பாட்டெல்லாம் இருக்கு.”

“அதுல பாட்டு இருக்குன்னுதான் இதுல ஏறினோம்,” என்றார் பின்வரிசையில் அரிசி மூட்டைக்காரர் ஒருவர்.

“உக்காந்தாச்சு. இனிமே அஹேரோலதான் இறங்குவோம்,” என்றாள் ஒரு செவிலி. “நீங்க கொஞ்சம் மெல்லப் பேசுங்க. தூங்கணும்.”

ரிஸ்பர் தலைவரை நேராகப் பார்த்தார். “தீர்மானத்த மாத்துங்க, இல்ல என்னச் சங்கத்த விட்டுத் தள்ளுங்க. ரெண்டும் உங்க கைல. ஸ்பீக்கர் மட்டும் என் கைல. அது வராது.”

ஓடேரா இரண்டு தட்டினான். வண்டி நகர்ந்தது. ஒகெலோ ஓடிவந்து மஞ்சள் வட்டத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். என் காதுக்குள்ளேயே விழுந்ததுபோல இருந்தது.

“அக்கா, நில்லுன்னு தட்டுறாரு,” என்றான் ஓடேரா.

“கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.”

ரிஸ்பர் வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தம் கதவின் மேல் நிதானமாக இரண்டு தட்டு தட்டினார். இரண்டாவது கியருக்கு மாற்றினார். பின்னால் ஓட்டுநர்களின் கைதட்டலும் சீழ்க்கையும் கேட்டன.

அஹேரோவிலிருந்து திரும்பி வந்தபோது வரிசைப் பலகையின் கடைசியில் அவருடைய எண் எழுதப்பட்டிருந்தது. யார் எழுதினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. கடைசியில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். ஒகெலோ கொட்டகை வாசலில் நின்று, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசித் தீர்க்காமல் விடமாட்டேன் என்றார்.

“தாராளமாப் பேசலாம், தலைவரே,” என்றார் ரிஸ்பர். “என் வண்டிக்குள்ள வந்து பேசுங்க. அங்கதான் ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்கும்.”